தபால் வந்து சேர்ந்ததா என்பதை யார் சொல்ல வேண்டும்?

இந்திய அஞ்சல் துறையில் 2025-ஆம் ஆண்டு மாற்றங்களுக்குக் குறைவில்லை. டிஜிபின் என்ற முகவரிக் குறியீடு மே மாதம் வெளியானது. ஆகஸ்டில் புதிய மென்பொருள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. தலைமுறைகளாக நாம் நம்பியிருந்த பதிவுத் தபால் விரைவுத் தபாலுடன் இணைக்கப்பட்டது. இவற்றில் சில எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தருபவை. ஆனாலும், கடிதம் கைக்குக் கிடைத்ததா என்ற கேள்விக்கு இன்றும் துறை மட்டுமே பதில் சொல்கிறது என்பதுதான் என் கவலை.

விரைவுத் தபாலின் பயணத்தை இணையத்தில் பார்க்கிறவர்களுக்கு இது தெரியும். பை கட்டப்பட்டது, அனுப்பப்பட்டது, விநியோக அலுவலகத்துக்கு வந்தது என்று வரிசையாகப் பதிவுகள் வரும். கடைசியில் 'கதவு பூட்டியிருந்தது' என்ற ஒரு வரியோடு நின்றுவிடும். வீட்டில் நாள் முழுவதும் ஆள் இருந்திருக்கலாம். ஆனால் அதைப் பதிவு செய்ய அந்தத் திரையில் இடமில்லை. இதற்காகத் தபால்காரரைத் திட்டுவது நியாயமாகாது. பக்கத்து பீட்டின், அதாவது ஒரு தபால்காரருக்கென ஒதுக்கப்பட்ட பகுதியின், ஊழியர் விடுப்பில் போனாலோ, அந்தப் பணியிடம் காலியாகவே கிடந்தாலோ, இரண்டு பீட் கடிதங்களும் ஒருவர் தலையில்தான் விழுகின்றன. கிராமங்களில் நிலைமை இன்னும் கடினம். நாட்டின் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது கிராமப்புறங்களில்தான் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றைத் தாங்கி நிற்கும் கிராமிய அஞ்சல் ஊழியர்களுக்கு நாளொன்றுக்கு நான்கு அல்லது ஐந்து மணி நேரத்துக்குத்தான் ஊதியம். அந்த நேரத்துக்குள்ளேயே சேமிப்புக் கணக்கு, காப்பீடு, அஞ்சல் வங்கி வேலைகளையும் அவர்கள் முடித்தாக வேண்டும்.

சட்டமும் பெறுபவர் பக்கம் நிற்கவில்லை. 1898-ஆம் ஆண்டுச் சட்டம், தபால் தொலைந்தாலும் தாமதமானாலும் அரசுக்குப் பொதுவாகப் பொறுப்பில்லை என்றது. அதற்குப் பதிலாக 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய அஞ்சல் அலுவலகச் சட்டமும், விதிகளில் குறிப்பிடப்படும் அளவைத் தவிர வேறு பொறுப்பு இல்லை என்றே சொல்கிறது. இதற்கு நேர்மாறாக, சரியான முகவரியிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பிய அறிவிப்பு, மாறாக நிரூபிக்கப்படாதவரை, உரியவரைச் சேர்ந்துவிட்டதாகவே பொது விதிகள் சட்டத்தின் (General Clauses Act) 27-ஆம் பிரிவு கருதுகிறது. வராத கடிதத்தை வரவில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை பெறவேண்டியவர் மேல் விழுகிறது. கடன் நோட்டீஸோ நீதிமன்ற அறிவிப்போ கைக்கு வராமல் போன குடும்பத்துக்கு அந்தச் சுமை எத்தனை பெரியது!

பிரிட்டனில் முதல் வகுப்புக் கடிதங்களில் 93 விழுக்காடு மறுநாளே சேர வேண்டும் என்ற இலக்கு இருந்தது. 2023-24-இல் அந்நாட்டு அஞ்சல் நிறுவனமான ராயல் மெயில் எட்டியது 74.7 விழுக்காடு மட்டுமே. ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்காம் 1.05 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. அபராதத்தால் சேவை உடனே சீராகிவிடவில்லை என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு தவறியது என்பது அந்நாட்டு மக்கள் எல்லோருக்கும் தெரிந்தது. நம் நாட்டில் கடிதச் சேவைக்கு அப்படி வெளியிலிருந்து கேள்வி கேட்கும் ஆணையமே இல்லை.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. துறைக்குத் தொடர்பில்லாத ஓர் அமைப்பு, ஒவ்வொரு அஞ்சல் கோட்டத்திலும் தன்னார்வலர்களின் வீடுகளுக்குச் சோதனைக் கடிதங்களை அனுப்பி, அவை கைக்கு வந்த நாளைப் பெறுபவரிடமே கேட்டுக் குறித்து, மாதந்தோறும் கோட்டவாரியாக வெளியிட வேண்டும். சாதாரணத் தபாலையும் அதில் சேர்க்க வேண்டும், ஏனெனில் தடம் காணும் எண் இல்லாத அந்தக் கடிதங்கள் தொலைந்தால் யாருக்கும் தெரிவதில்லை. அதே பக்கத்தில் அந்தக் கோட்டத்தின் காலிப் பணியிடங்களின் எண்ணிக்கையும் அச்சாக வேண்டும். இல்லாவிட்டால் ஆள் பற்றாக்குறையால் வரும் தாமதத்துக்கும் தெருவில் நடக்கும் ஊழியரே விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.