ஓர் இனிஷியலுக்கு ஒன்பது வாரம்

குழந்தைகளுக்கான மருத்துவ உளவியலில் போஸ்ட் டாக்டரல் பயிற்சி கிடைத்து பெங்களூருக்கு வந்தேன். நேர்முகத் தேர்வு அரை மணி நேரம். வீட்டில் வாய் ஓயாமல் பேசும் 8 வயதுப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தை பேசுவதில்லை, என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். சொன்னேன். எடுத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் வேலையில் சேர 9 வாரம் ஆனது. காரணம், என் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் 'எஸ்'.

அதற்கு முன்னால் எம்.ஃபில். கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் துறையில் நோயாளியைப் பார்க்க உரிமை தருவது பிஎச்.டி. இல்லை. இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், அதாவது ஆர்சிஐ, அங்கீகரித்த மருத்துவ உளவியல் படிப்பை (என் காலத்தில் 2 வருட எம்.ஃபில்., அல்லது சைடி எனும் தொழில்முறை டாக்டர் பட்டம்) முடித்து, அதன் மத்தியப் பதிவேட்டில் எண் வாங்கியிருக்க வேண்டும். எம்.ஏ. முடித்து நேராக பிஎச்.டி.க்குப் போனவர்கள் 'டாக்டர் பட்டம் இருக்கிறதே' என்று கிளினிக்கல் பணியிடத்துக்கு விண்ணப்பித்து ஏமாந்து போவதைப் பார்த்திருக்கிறேன். அறிவிப்பில் பதிவு எண் கேட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். பதிவு காலாவதியாகவில்லையா என்று அடுத்து பாருங்கள். நான் ஆறு மாதம் முன்பே புதுப்பித்து வைத்திருந்தேன். இந்த மொத்தக் கதையிலும் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

நான் சேரப் போனது 2024 ஜனவரி கடைசியில். அதற்கு ஒரு மாதம் முன்புதான் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, எம்.ஃபில். அங்கீகரிக்கப்பட்ட பட்டம் அல்ல, யாரும் சேர வேண்டாம் என்று எச்சரித்திருந்தது. செய்தியின் தலைப்பு மட்டும் எல்லா வாட்ஸப் குழுவிலும் சுற்றிக்கொண்டிருந்தது. சான்றிதழ் சரிபார்க்கும் கிளார்க் என் எம்.ஃபில். ஒரிஜினலைக் கையில் எடுத்தார், தன் போனை எடுத்து அந்தத் தலைப்பைக் காட்டினார். "இது செல்லாது மேடம்." 2022 நவம்பரில் வந்த விதிமுறையிலேயே, அதற்கு முன் தொடங்கிய எம்.ஃபில். படிப்புகளை இது பாதிக்காது என்று எழுதியிருக்கிறது என்றேன். மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 வரை ஆள் சேர்க்கவே யுஜிசி அனுமதி கொடுத்துவிட்டது என்றும் சொன்னேன். போன் சொன்னதை நம்பியவர் நான் சொன்னதை நம்பவில்லை. வெளியே ஜெராக்ஸ் கடையில் இரண்டையும் பிரின்ட் எடுத்து, அந்த வரிகளுக்கு அடியில் சிவப்பில் கோடு போட்டுக் கொடுத்தேன். பேசாமல் வாங்கிக் கோப்பில் வைத்தார். அரை நாள் போச்சு. ஆனாலும் அது ஜெயித்த கணக்குதான்.

அப்புறம்தான் பெயருக்கு வந்தார். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எஸ் முன்னால் இருந்தது, ஆதாரில் பின்னால் போயிருந்தது. பான் கார்டில் இனிஷியலை ஏற்கமாட்டார்கள் என்பதால் அப்பா பெயரை முழுதாக எழுதியிருந்தேன். ஆர்சிஐ பதிவேட்டிலும் அப்படியே. பிஎச்.டி. பட்டத்தில் மறுபடியும் வெறும் எஸ். நம் ஊரில் இதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இங்கே விண்ணப்பப் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. எனக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைப் போட்டிருந்தேன். "அப்போ பிஎச்.டி. யாருது?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

பல்கலைக்கழகத்தில் திருத்தி வாங்கி வரச் சொன்னார். சரி என்று மறுநாள் காலை சென்னைக்கு லால்பாக் எக்ஸ்பிரஸ் பிடித்தேன். பெங்களூரில் ஆறரைக்குள் கிளம்பிவிடும் வண்டிதான், ஆனாலும் சென்ட்ரலில் இறங்க மதியம் ஆகிவிடும். கவுண்டருக்குப் போய்ச் சேர்ந்தபோது டோக்கன் முடிந்திருந்தது. பெரம்பூரில் சித்தி வீட்டில் தங்கி, காலையில் முதல் ஆளாகப் போய் நின்றேன். அந்த அம்மா என் தாளை முழுதாகப் படிக்கக்கூட இல்லை. "எஸ்எஸ்எல்சியில எப்படி இருக்கோ அப்படித்தான் பட்டத்துல வரும். மாத்தணும்னா அதை மாத்திட்டு வாங்க." பத்தாம் வகுப்பில் மாற்றினால் பன்னிரண்டாம் வகுப்பு, பி.எஸ்சி., எம்.எஸ்சி., எம்.ஃபில். எல்லாம் வரிசையாக மாற வேண்டும். திரும்பும் ரயிலில் ஜோலார்பேட்டை வரைக்கும் யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

வெறுங்கையோடு போய் நின்றேன். "ஆகல்ல மேடம்" என்றார் கிளார்க். கெசட்டில் பெயர் மாற்றம் வெளியிட்டு வாருங்கள் என்றார். கொஞ்சம் விட்டிருந்தால் அதையும் செய்திருப்பேன். தடுத்தது அங்கிருந்த அட்டெண்டர். கோலார் தங்கவயல்காரர், நான் போனில் அம்மாவிடம் புலம்பியதைக் கேட்டிருக்கிறார். "நீங்க பேரை மாத்தலையே மேடம், விரிச்சுத்தானே எழுதியிருக்கீங்க? ரெண்டும் ஒரே ஆள்தான்னு அஃபிடவிட் போட்டுக் குடுங்க, போதும். இவர்கிட்ட குடுக்காதீங்க, பதினோரு மணிக்கு மேல சூப்பிரண்டன்ட் மேடம் வருவாங்க, அவங்ககிட்ட நேரா குடுங்க" என்றார். "நெசமாவா அண்ணே?" என்றேன். "இந்த சீட்டுல வருஷத்துக்கு நாலு தமிழ்க்காரங்க மாட்டுறாங்க" என்றார்.

மேயோ ஹால் கோர்ட் பக்கம் போய் ஒரு நோட்டரியைப் பிடித்தேன். இ-ஸ்டாம்ப் வாங்கி, என் பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறதோ அத்தனையையும் வரிசையாகப் போட்டு, இவை யாவும் என்னையே குறிக்கும் என்று டைப் அடித்துக் கையெழுத்து வாங்க முக்கால் மணி நேரம். இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். எந்தச் சான்றிதழில் எந்த வடிவம் இருக்கிறது என்று, புள்ளி, இடைவெளி உட்பட அப்படியே எழுதச் சொல்லுங்கள். முதல் பிரதியில் ஒரு புள்ளி விட்டுப்போனதால் நான் இன்னொரு ஸ்டாம்ப் வாங்க வேண்டியதாயிற்று. மூன்று ஒரிஜினலாகவே போட்டுக்கொள்வது நல்லது. உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு தொடங்கும்போது பான் பெயரைப் பார்த்து அங்கேயும் ஒன்று கேட்பார்கள்.

சூப்பிரண்டன்ட் மேடம் ஒருமுறை படித்தார், சீல் போட்டார். நாலு நிமிடம். ஒன்பது வாரத்துக்கும் உதவித்தொகை கிடையாது, சேர்ந்த தேதியிலிருந்துதான் கணக்கு. அல்சூர் பிஜி வாடகை மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

சேர்ந்த பிறகு எல்லாம் சுகம் என்று நினைத்தால் நெறிமுறைக் குழு காத்திருந்தது. குழந்தைகளை வைத்து எந்த ஆய்வு செய்தாலும் பெற்றோர் ஒப்புதல் மட்டும் போதாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி பிள்ளையின் இசைவையும் கேட்க வேண்டும். சின்னவர்களிடம் வாய்மொழியாக, 12 வயதுக்கு மேல் எழுத்தில். படிவம் தமிழிலும் கன்னடத்திலும் வேண்டும், பிறகு வேறொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிட வேண்டும். கன்னடத்தை வெளியே ஓரிடத்தில் கொடுத்து வாங்கினேன். திருப்பி மொழிபெயர்த்தபோதுதான் தெரிந்தது, 'பங்குபெறும் குழந்தை' என்று இருந்த இடத்திலெல்லாம் 'ரோகி' என்று போட்டிருக்கிறார்கள். அதைச் சரிசெய்வதற்குள் குழுக் கூட்டம் முடிந்துவிட்டது. அடுத்தது இரண்டு மாதம் கழித்து. படிவத்தை முதல் நாளே கொடுத்துவிடுங்கள், ஆய்வுத் திட்டத்தை மெதுவாகக்கூட எழுதிக்கொள்ளலாம்.

தமிழ்ப் படிவத்தில் தப்பு என்னுடையது. 'பங்கேற்பாளர் இசைவுப் படிவம்' என்று தலைப்புப் போட்டு, 'எந்நேரமும் விலகிக்கொள்ளும் உரிமை உண்டு' என்று எழுதியிருந்தேன். எந்தப் பிள்ளைக்குப் புரியும்? "நடுவுல பிடிக்கலைன்னா நிறுத்திடலாம். யாரும் திட்ட மாட்டாங்க" என்று மாற்றினேன். அதைப் படித்துக் காட்டிய முதல் நாளே ஓசூர்ப் பையன் ஒருவன், 9 வயது, "டாக்டர்கிட்ட போய்ச் சொல்லிக் குடுக்கவும் மாட்டீங்களா?" என்று கேட்டான். அந்த வரியையும் சேர்த்துவிட்டேன்.

என் கன்னடம் இன்னும் கடைத்தெருக் கன்னடம்தான். முதல் மாதம் அதற்காகக் கூசிக்கொண்டே இருந்தேன். ஆனால் இங்கே ஓபியில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குடும்பங்கள் நிறைய வருகின்றன. ஒரு நாள் 7 வயதுப் பையனை, பேச்சே வரவில்லை, அறிவுத்திறன் பார்க்க வேண்டும் என்று அனுப்பினார்கள். அதற்கான பினே-காமத் தேர்வு, காமத் என்ற உளவியலாளர் மராத்தியிலும் கன்னடத்திலும் உருவாக்கியது. கன்னடத்தில் கேட்டால் அவன் தரையைப் பார்த்தான், ஆங்கிலத்தில் கேட்டால் சுவரைப் பார்த்தான். அதை மூடிவைத்துவிட்டு செகின் பலகையை எடுத்தேன். 10 மரத்துண்டுகள், அதனதன் குழியில் வைக்க வேண்டும், மூன்று முறை, நேரம் குறிப்போம். முதல் முறை நட்சத்திரத்தைச் சிலுவைக் குழியில் வைத்துப் பார்த்தான். மூன்றாவது முறை அதைக் கடைசிக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்து, குழியில் போட்டுக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினான். "எந்த ஊருடா நீ?" என்றேன் தமிழில். "பாலக்கோடு" என்றான். அப்புறம் அவன் வீட்டு ஆட்டுக்குட்டியைப் பற்றி இருபது நிமிடம். பேச்சு வரவில்லையாம்! அன்றைய அறிக்கையில் 'எந்த மொழியில் கேட்கப்பட்டது' என்று ஒரு வரி சேர்த்தேன். இப்போது எல்லா அறிக்கையிலும் சேர்க்கிறேன், யாரும் கேட்காவிட்டாலும்.

அடையாள அட்டை நாலாவது மாதம் வந்தது. குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருந்ததற்கு முன்னால் 'டாக்டர்' என்று கம்ப்யூட்டர் போட்டுவிட்டது. ஆக, அட்டையில் பெரிதாக இருப்பது என் அப்பா பெயர். கதவில் ஒட்டிய தாளிலும் அதே. வாரத்துக்கு ஒரு பெற்றோராவது உள்ளே எட்டிப் பார்த்து, "சார் எப்ப வருவாரு சிஸ்டர்?" என்று என்னிடமே கேட்கிறார்கள்.

மாற்றித் தரச் சொல்லி விண்ணப்பம் எழுதினேன், அஃபிடவிட்டின் மூன்றாவது ஒரிஜினலையும் இணைத்தேன். அன்று இரவு போனில் அப்பாவிடம் சொன்னேன். அவர் கோவில்பட்டி டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "டாக்டர்னு முன்னாடி போட்டிருக்கா?" என்று கேட்டார். ஆமாம்ப்பா என்றேன். "மாத்தணும்னு அவசரம் ஒண்ணும் இல்லையே?" என்றார். விண்ணப்பம் இன்னும் என் பையில்தான் இருக்கிறது.