வடிவமைப்பு நுழைவுத்தேர்வும் மனப்படிமப் பயிற்சியும்

முதுநிலை வடிவமைப்புப் படிப்புகளுக்காக ஐ.ஐ.டி. பம்பாய் நடத்தும் ‘சீட்’ (CEED) நுழைவுத்தேர்வுக்கு நான் படித்த காலத்தில் மிகவும் கைகொடுத்தது, வரைவதற்கு முன்பே பொருளை மனத்துக்குள் உருவாக்கித் திருப்பியும் கையாண்டும் பார்க்கும் பழக்கம்தான். அழகாக வரையத் தெரிந்தால் போதும் என்ற நம்பிக்கையோடு ஆயத்தமாகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

இப்படி மனத்துக்குள் உருவாகும் காட்சியான மனப்படிமம், நினைவில் ஒட்டிக்கிடக்கும் புகைப்படம் அன்று. தேவைப்படும்போதெல்லாம் நாம் புதிதாகக் கட்டியெழுப்புவது. 1971-இல் உளவியல் ஆய்வாளர்களான ரோஜர் ஷெப்பர்டும் ஜாக்குலின் மெட்ஸ்லரும், கனசதுரங்களை ஒட்டியதுபோன்ற இரண்டு உருவங்களை வெவ்வேறு கோணங்களில் காட்டி, இரண்டும் ஒன்றுதானா என்று கேட்டார்கள். உருவங்களுக்கு இடையிலான கோணம் கூடக்கூட, விடை சொல்லும் நேரமும் அதே சீரில் கூடியது. கையில் இருக்கும் பொருளைத் திருப்புவதுபோலவே மனமும் படிப்படியாகத் திருப்புகிறது என்பதற்கு இது வலுவான சான்று. தேர்வின் முதற்பகுதியில் வரும் உருவச் சுழற்சிக் கேள்விகளுக்குக் குறுக்குவழிகளை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு தீப்பெட்டியின் முகங்களில் வெவ்வேறு குறிகளை இட்டு, கண்ணை மூடிக்கொண்டு மனத்தில் இருமுறை உருட்டி, எந்தக் குறி மேலே வரும் என்று சொல்லிவிட்டுக் கையால் உருட்டிச் சரிபார்ப்பது பயனுள்ளது.

மனப்படிமத்திலிருந்து புதியது பிறக்குமா என்பதை நீங்களே சோதிக்கலாம். ஆங்கிலப் பெரிய எழுத்து ‘டி’யை (D) இடப்புறமாக 90 பாகை சாய்த்து, ‘ஜே’ (J) எழுத்தின் தலையில் மனத்துக்குள்ளேயே பொருத்துங்கள். ஒரு குடை தெரியும். ஃபிங்க், பிங்கர், ஃபாரா ஆகிய உளவியல் ஆய்வாளர்கள் 1989-இல் வெளியிட்ட ஆய்வில் பயன்படுத்திய பயிற்சிகளுள் இதுவும் ஒன்று. ஆனால் இதற்கு ஓர் எல்லையும் உண்டு. வாத்தாகவும் முயலாகவும் பார்க்கக்கூடிய புகழ்பெற்ற படத்தைச் சேம்பர்ஸும் ரைஸ்பர்க்கும் 1985-இல் சிறிது நேரமே காட்டி மறைத்தபோது, வாத்தை மட்டும் கண்டவர்களால் மனப்படிமத்தில் முயலைக் கண்டுபிடிக்க இயலவில்லை. நினைவிலிருந்து அதையே தாளில் வரைந்த பிறகு கண்டுகொண்டார்கள். குறிப்புகள் கொடுத்தால் சிலரால் மனத்திலேயே காண முடியும் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டினாலும், தேர்வறையில் நமக்குக் குறிப்புக் கொடுக்க எவரும் இல்லை. ஆகவே, வடிவத்தைக் கூட்டவும் அசைக்கவும் மனம், கூட்டியதில் வேறு பொருள் தேடத் தாள் என்று வேலையைப் பிரித்துக்கொள்வதே என் பரிந்துரை.

‘ஒரு கையால் மட்டுமே வேலை செய்யக்கூடியவருக்கு டிபன் கேரியர்’ என்ற மாதிரிக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். உடனே வரையத் தொடங்கினால் கடையில் பார்த்த கேரியரைத்தான் கை போடும். அதற்குப் பதிலாகக் கண்ணை மூடி, அதை மேசையில் வைத்து, ஒரே கையால் கொக்கியை விடுவித்துப் பாருங்கள். கொக்கியை இழுக்கும்போது அடுக்கு முழுவதும் கூடவே சரிகிறது. மடியில் இடுக்கிக்கொள்ளலாம் என்றால் சூடான சாம்பார் தொடையைச் சுடுகிறது. அகன்ற அடித்தட்டும், பிடியைப் பற்றிய கையின் பெருவிரலாலேயே விடுபடும் கொக்கியும் வேண்டும் என்பது அந்த நொடியில் தெளிவாகிறது. கண்ணால் காண்பதோடு எடையும் சூடும் கையின் அசைவும் சேர்ந்ததே வடிவமைப்பாளருக்குப் பயன்படும் படிமம். ஐ.ஐ.டி. பம்பாயின் பேராசிரியர் உதய் அத்தவங்கர் 1990-களில் ஒரு வடிவமைப்பாளரின் கண்களைக் கட்டி, தாளின்றியே ஒரு பொருளை வடிவமைக்கச் செய்தார். அந்த வடிவமைப்பாளர், அப்பொருள் எதிரில் இருப்பதைப்போலவே காற்றில் கைகளை அசைத்து அதைக் கையாண்டார். பயிற்சியின்போது நீங்களும் கூச்சப்படாமல் கைகளை அசைக்கலாம்.

கண்ணை மூடினால் எந்தக் காட்சியும் தோன்றாதவர்களும் உண்டு. இந்நிலைக்கு 2015-இல் ‘அஃபன்டேசியா’ என்று பெயரிட்டார்கள். கணினி வரைகலையின் முன்னோடியும் பிக்சார் நிறுவனத்தை உருவாக்கியவர்களுள் ஒருவருமான எட் கேட்மல் தமக்கும் இந்நிலை இருப்பதாகக் கூறியிருக்கிறார். அத்தகையவர்கள் பயிற்சிக் காலத்தில் தாளை மடித்தும் சோப்பைச் செதுக்கியும் வடிவங்களைக் கைக்குப் பழக்கிக்கொண்டு, தேர்வறையில் முதல் சில நிமிடங்களிலேயே கிறுக்கல் படங்களைத் தொடங்கிவிடலாம்.