எம்ஜிபி நாட்குறிப்பு: முதலில் குழாய்கள், பிறகுதான் கார்புரேட்டர்

செப்டம்பர் 6, 2025, சனி. முத்தியால்பேட்டை, புதுச்சேரி

மாமா விட்டுச்சென்ற 1967ஆம் ஆண்டு எம்ஜிபி, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், கொஞ்ச நாளாகவே ஐடிலிங்கில் (வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது) நிலைகொள்ளாமல் திணறுகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சைலன்சர் படபடவென்று வெடிக்கிறது. பட்டறை அண்ணன் வந்து கேட்டுப் பார்த்தார். "பெட்ரோல் போதவில்லை தம்பி, ஜெட்டைக் கொஞ்சம் இறக்கிவிடலாம்" என்றார். ஜெட் என்பது கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் சிறு குழல்; இறக்கினால் பெட்ரோல் கூடும். வேண்டாம் அண்ணே என்று தடுத்துவிட்டேன்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இப்போது பங்க்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பழைய எஸ்யூ (தயாரிப்பாளர் பெயர்) கார்புரேட்டர் கொடுக்கும் கலவையில் காற்று மிகுந்துவிடும். ஆனால் ஏதோ ஒரு குழாய் விரிசல் விட்டுத் திருட்டுக் காற்று நுழைந்தாலும் இதே அறிகுறிதான். இரண்டில் எது என்று தெரியாமல் ஜெட்டைத் திருகினால் பழைய கோளாறு அப்படியே இருக்க, அதன்மேல் புதிய கோளாறு ஏறிக்கொள்ளும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பானெட்டைத் திறந்தால் எல்லாமே கறுப்புக் குழாய்கள். பருமனை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. ஒவ்வொன்றையும் விரலால் தொடர்ந்து சென்று, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தாளில் வரைந்துகொண்டேன். பெட்ரோலுக்கு மஞ்சள் டேப், வாக்குவத்துக்கு (எஞ்சின் காற்றை இழுக்கும் உறிஞ்சு விசைக்கு) நீலம், எஞ்சின் மூச்சுக்குழாய்க்கு வெள்ளை.

இந்த வண்டியில் பிரேக் சர்வோ, அதாவது வாக்குவத்தால் பிரேக்கை எளிதாக்கும் கருவி, இல்லை. அதனால் வாக்குவம் போகும் வழிகள் குறைவு. ஒன்று, இரண்டு கார்புரேட்டர்களில் பின்னதிலிருந்து, பிளக்குகளுக்கு மின்பொறியைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய உலோகப் பைப். அதை கார்புரேட்டர் பக்கம் கழற்றி, நன்றாகத் துடைத்து, வாயால் உறிஞ்சினேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து வைத்திருந்ததால் உள்தட்டு மெல்லத் திரும்புவது தெரிந்தது. முனையை நாக்கால் அடைத்தேன். தட்டு திரும்பிய இடத்திலேயே நின்றது. தட்டை இழுக்கும் ரப்பர் சவ்வு, டயாஃப்ரம், நன்றாக இருக்கிறது.

அடுத்தது, கலவையை எஞ்சினுக்குள் பிரித்தனுப்பும் இன்லெட் மேனிஃபோல்டின் மேல் உட்கார்ந்திருக்கும் பிசிவி வால்வு; எஞ்சினுக்குள் சேரும் ஆவியை மேனிஃபோல்டுக்கு விடுவது இது. எஞ்சின் சூடான பிறகு ஐடிலிங்கில் ஆயில் மூடியைத் திறந்தால் வேகம் தெளிவாக ஏற வேண்டும். ஏறவில்லை. வால்வின் மேல்மூடியிலுள்ள சிறு துளையில் விரலை வைத்தேன். சதையைப் பிடித்து இழுத்தது. அந்த நொடியே எஞ்சினும் சீரானது. மூடியைக் கழற்றி ரப்பரை வெயிலில் பிடித்தால் ஓரமாகப் பிறை வடிவில் ஒரு கிழிசல். புதிய டயாஃப்ரத்துக்குச் சொல்லியாகிவிட்டது.

செப்டம்பர் 13, சனி

இன்று பெட்ரோல் வழி. சாவியைத் திருப்பி, எஞ்சினை எழுப்பாமல் காத்திருந்தேன். பின்பக்கத்து எஸ்யூ மின்பம்ப் டிக் டிக் என்று அடித்து, கார்புரேட்டரின் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணங்கள் நிரம்பியதும் நின்றுவிட வேண்டும். நிற்கவே இல்லை. எங்கும் ஈரமும் இல்லை. டேங்குக்கும் பம்புக்கும் இடையில் விரிசல் இருந்தால் பெட்ரோல் பெரும்பாலும் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். அதைக் காட்டிக்கொடுப்பது இந்தச் சத்தம் ஒன்றுதான்.

கைவைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றினேன். இந்த வண்டியில் பேட்டரிகள் இருக்கைகளுக்குப் பின்னால், பம்புக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. பெட்ரோல் ஆவியும் ஒரு பொறியும் சந்தித்தால் போதும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் இந்த வேலையை யாரும் தொடங்கவே கூடாது.

டேங்கிலிருந்து வடித்ததைக் கண்ணாடிப் பாட்டிலில் நிற்கவிட்டேன். அடியில் கலங்கலாக ஒரு படலம் தங்கியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும்; கடற்கரை ஊரில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்குக் கேட்க வேண்டுமா! தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கும். பம்ப் உறிஞ்சும் குழாயின் வாயும் அங்கேதான்.

கார்புரேட்டருக்குப் போகும் குழாய்க்குக் கம்பிப் பின்னல் உறை, பார்க்கப் பளபளப்பு. பிளேடால் நீளவாக்கில் பிளந்தேன். உள் ரப்பர் உப்பிப் பிசுபிசுத்து, கரி மை போல விரலில் ஒட்டியது. பம்புப் பக்கத்துக் குழாயோ வறண்டு, வளைத்தாலே வெடித்தது. பின்னல் உறை எனக்குப் பிடிக்கவில்லை. அழுகுவதை மறைக்கும் அழகு பெட்ரோல் குழாய்க்கு ஆகாது.

செப்டம்பர் 14, ஞாயிறு

வெறும் கறுப்புக் குழாய்தான் வாங்கினேன். ஆனால் உடம்பில் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்ற பெட்ரோல் குழாய்த் தரக்குறி அச்சிட்டது. அதன் உட்பூச்சு எத்தனாலைத் தாங்கும் ஃப்ளூரோ ரப்பர். ரம்பத்தால் அறுத்தால் ரப்பர்த்தூள் ஃப்ளோட் கிண்ணத்துக்குள் பெட்ரோலை விட்டு நிறுத்தும் நீடில் வால்வில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதால் புது பிளேடால் வெட்டினேன். திருகு கிளாம்ப்பின் பற்கள் சிறு குழாயைக் கடித்துவிடும். சுற்றிலும் சமமாக இறுக்கும் ஓரம் மடித்த கிளாம்ப்பே நல்லது.

அடியில் ஓடும் இரும்புப் பைப்பைக் கிளிப் கிளிப்பாகக் கழற்றிப் பார்த்தோம். உப்புக்காற்று வேலை செய்வது கிளிப்புக்கு அடியில்தான். ஓரிடத்தில் துரு ஆழமாகவே அரித்திருந்தது. ஒட்டுப்போட்டால் போதும் என்றார் அண்ணன். நான் முழு நீளத்தையும் மாற்றச் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

டயாஃப்ரம், இரும்புப் பைப், புது ஃபில்டர் எல்லாம் ஏறிவிட்டன. பம்ப் சற்று நேரம் அடித்துவிட்டு நின்றது. ஆயில் மூடியைத் திறந்தால் வேகம் ஏறுகிறது. காலாப்பட்டு வரை ஓட்டி வந்தோம். வெடிச்சத்தம் பெரும்பகுதி போய்விட்டது, மேட்டில் இழுக்கும்போது மட்டும் லேசான தடுமாற்றம். அது எத்தனாலின் பங்கு. இப்போதுதான் அண்ணனிடம் ஸ்பானரைக் கொடுத்தேன். இரண்டு ஜெட்டையும் ஒரே அளவாகக் கொஞ்சம் இறக்கினார், தடுமாற்றம் நின்றது. எத்தனால் டேங்கிலுள்ள பழைய படிவத்தைக் கரைத்து இழுத்து வரும் என்பதால், ஃபில்டரை அடுத்த மாதம் மீண்டும் மாற்ற வேண்டும்.