டயருக்குக் கறுப்பு அடிக்காதீர்கள்

பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் சின்ன வண்டி கட்டும் மாடல் கிட்டோடு வரும் வழிகாட்டித் தாளில் டயருக்கு நேரே 'ஃப்ளாட் பிளாக்' என்று போட்டிருக்கும். அதை நம்பி அப்படியே அடித்தால், எவ்வளவு நுணுக்கமாகக் கட்டிய லாரியும் பொம்மைக் கடை லாரியாகத்தான் நிற்கும். கார்பன் பிளாக் கலப்பதால் டயர் தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போது கறுப்புதான். ரோட்டில் இறங்கியபின் வெயிலும் உராய்வும் புழுதியும் அதைச் சாம்பலாக்கிவிடும். ரப்பரில் வெடிப்பு விழாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனம் மேலே கசிந்து, காற்றுப்பட்டு லேசான பழுப்பும் ஏறும். அதிலும் ஒரே டயர் முழுக்க ஒரே நிறம் கிடையாது. தரையில் தேயும் பட்டன்களின் (டயரில் புடைத்திருக்கும் ரப்பர் கட்டைகளின்) மேற்பரப்பு வெளிறிய சாம்பல், சைடுவால், அதாவது டயரின் பக்கச்சுவர், அதைவிடக் கறுப்பு, பட்டன்களுக்கு நடுவே உள்ள காடியில் வண்டி ஓடிய மண்ணின் நிறம். இந்த மூன்றையும் பிரித்துக் காட்டினால் வேலை முடிந்தது.

உதாரணத்துக்கு 1/35 அளவில் (அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு) ஜிஎம்சி சிசிகேடபிள்யூ, அதாவது இரண்டாம் உலகப் போரின் இரண்டரை டன் அமெரிக்க லாரி. முன்னால் 2, பின்னால் இரட்டை இரட்டையாக 8, ஆக 10 டயர் தரையில், ஸ்டெப்னி தனி. அசல் டயர் 7.50-20, மாடலில் 26–27 மி.மீ. விட்டம் வரும். முன்னே போனாலும் பின்னே போனாலும் ஒரே பிடிப்புத் தரும் பெரிய பட்டன்கள், ஆழமான காடி. வெதரிங், அதாவது ஓடித் தேய்ந்த தோற்றம் கொடுப்பது, பழக இதைவிட நல்ல டயர் கிடையாது. (தமிழர்கள் பால்வெட்டிய மலாயா தோட்டங்கள் 1942-இல் ஜப்பான் கைக்குப் போனதும், அமெரிக்கர்கள் செயற்கை ரப்பருக்குத் தாவினார்கள். அதனால் டயரின் நிறம் மாறியிருக்குமோ என்று மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1/35-இல் புழுதிக்கு அடியில் அது தெரியப் போவதில்லை.)

முதலில் ஒட்டுக்கோடு. இரண்டு பாதியாக வரும் பிளாஸ்டிக் டயரில் பட்டன்களின் நட்டநடுவே கோடு ஓடும். மாடல் ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் சிமென்ட் விட்டு ஒட்டி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, 400 உப்புத்தாளில் தேய்த்து 800-இல் முடியுங்கள். அவசரப்பட்டுத் தேய்த்தால் ஒட்டு பிறகு சுருங்கி, பெயின்ட் அடித்தபின் அதே இடத்தில் பள்ளம் தெரியும். காடிக்குள் அடைத்த சிமென்டைக் கத்தியின் முதுகால் சுரண்டி எடுங்கள். அடியில் அரை மி.மீ. அளவுக்குத் தட்டையாகத் தேய்த்தால் வண்டி எடையோடு நிற்பது தெரியும். தேய்த்தபின் பத்து வீலையும் பசையில்லாமல் மாட்டி, கண்ணாடித் துண்டின்மேல் வைத்துப் பாருங்கள். ஒரு டயரைக் கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்திருந்தாலும் லாரி ஆடும்.

பேஸ் கோட்டுக்கு, அதாவது அடிப் பூச்சுக்கு, டாமியா கம்பெனியின் எக்ஸ்எஃப்-85 ரப்பர் பிளாக் போதும். எக்ஸ்எஃப்-69 நேட்டோ பிளாக்கும் சரிதான். வாலஹோ பிரஷ் பெயின்ட் என்றால் பான்சர் ஏசஸ் வரிசையில் 306 டார்க் ரப்பர். டாமியாவை எக்ஸ்-20ஏ தின்னரோடு ஒன்றுக்கு ஒன்று கலந்து, ஏர்பிரஷின் 0.3 மி.மீ. நாசிலில், 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில், இரண்டு மெல்லிய கோட் அடியுங்கள். ஹார்டுவேர் கடையில் வாங்கும் என்.சி. தின்னரை இதில் கலக்கவே கூடாது. அது பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும், பட்டன்களின் விளிம்பு முதலில் மழுங்கும்.

ரிம்மையும் டயரையும் பிரிக்க டேப் ஒட்டி அவதிப்பட வேண்டாம். இன்ஜினியரிங் டிராயிங்குக்கு விற்கும் வட்ட டெம்ப்ளேட் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும். டயரை முதலில் அடித்துவிட்டு, ரிம்முக்குச் சரியான ஓட்டையை மேலே வைத்து ரிம்முக்கான பச்சையை நேர் செங்குத்தாக அடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் பெயின்ட் அடியில் புகுந்து சைடுவாலில் பச்சை வளையம் விழும். அப்படி விழுந்தால், நீர்க்கத் தின்னர் விட்ட டயர் நிறத்தைப் பிரஷ் நுனியில் தொட்டு ரிம்மின் ஓரப் பள்ளத்தில் வையுங்கள். அது தானாகவே ஓடிச் சுற்றிவரும்.

அடுத்தது பட்டன்களின் மேற்பரப்பு. பேஸ் நிறம் 3 பங்குக்கு எக்ஸ்எஃப்-57 பஃப் 1 பங்கு கலந்துகொள்ளுங்கள். வெள்ளை கலந்தால் நீலம் பாய்ந்த சாம்பல் வரும், அது ரப்பராகத் தெரியாது. கலந்ததைத் துண்டு ஸ்பாஞ்சில் தொட்டு, பழைய துணியில் முக்கால்வாசியை ஒற்றி எடுத்துவிட்டு, பட்டன்களின் தலையில் மட்டும் ஒற்றுங்கள். சைடுவாலில் எழுத்தும் வளையமும் புடைத்திருக்கும் இடத்தில் ஏறக்குறைய காய்ந்த பிரஷால் ஒரு தடவு, அதற்குமேல் வேண்டாம். விளிம்பு தெளியட்டும் என்று பென்சில் கரியைத் தேய்ப்பவர்கள் உண்டு. தேய்ந்த இரும்புச் சங்கிலிக்கு அது பொருந்தும், ரப்பரில் தேய்த்தால் உலோகப் பளபளப்பு வந்து காரியம் கெட்டுவிடும்.

இதன்மேல் ஒரு மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் அடித்து ஒரு நாள் விடுங்கள். பிக்மென்ட் என்ற நிறத்தூள் பிடிக்கச் சொரசொரப்பு வேண்டும், வரப்போகும் வாஷிலிருந்து (நீர்க்கக் கலந்த பெயின்டிலிருந்து) கீழே உள்ள பெயின்டுக்குக் காப்பும் வேண்டும். எல்லாம் முடிந்தபிறகு கடைசியில் வார்னிஷ் அடித்தால், கஷ்டப்பட்டு ஏற்றிய புழுதி பாதி மறைந்துபோகும், மீதி கறுத்துவிடும்.

புழுதி இரண்டு கட்டம். முதலில் மண் நிற எனாமல் வாஷைக் காடியிலும் சைடுவால் எழுத்துகளைச் சுற்றியும் விடுங்கள். பதினைந்து இருபது நிமிடம் கழித்து, மினரல் டர்பன்டைனில் நனைத்து ஒற்றிய பிரஷால் ஹப்பிலிருந்து வெளிப்பக்கமாக இழுத்துத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் வளையம் வளையமாகக் கோடு நிற்கும். பிறகு பிக்மென்ட். ஒரே பழுப்பைக் கொட்டாமல், காய்ந்த மண்ணுக்கு வெளிறியது, உள்ளே தங்கிய ஈர மண்ணுக்குக் கருத்தது என்று இரண்டையாவது எடுங்கள். கருத்ததைக் காடியின் அடியில் வைத்து, அதன்மேல் வெளிறியதைத் தூவி, காடியின் ஓரத்தில் ஒரே ஒரு சொட்டு டர்பன்டைனைத் தொட்டு வையுங்கள். அது ஊறி உள்ளே பரவும். மேலே கொட்டினால் தூள் மிதந்து ஒதுங்கி, காய்ந்ததும் ஓரத்தில் வெள்ளைக் கோடாக நிற்கும். ஈரமாக இருக்கும்போது எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும். போதவில்லை என்று அப்போதே இன்னொரு கரண்டி தூவுவதால்தான் பலருடைய டயர் மண் உருண்டையாகிறது. ஒன்றிரண்டு மணி நேரம் காயட்டும், அப்புறம் பாருங்கள்.

இனிதான் முக்கியமான கட்டம். பனியன் துணியைக் கண்ணாடித் துண்டின்மேல் இழுத்துக் கட்டி, டர்பன்டைனில் லேசாக, தொட்டால் விரல் நனையாத அளவுக்கு ஈரமாக்குங்கள். வீலை ஒரு பல்குச்சியில் செருகி அந்தத் துணியில் ஒரு தடவை உருட்டுங்கள். பட்டன்களின் தலையில் இருக்கும் தூள் மட்டும் துணியில் ஏறிவிடும், காடியில் இருப்பது அப்படியே நிற்கும். அசல் டயர் ரோட்டில் எந்த இடத்தில் சுத்தமாகிறதோ, இதுவும் அதே இடத்தில் சுத்தமாகும். விரலால் துடைத்தால் இந்தத் துல்லியம் வராது. வண்டி சேற்றில் நிற்பதாகக் காட்டுவதானால் இந்தக் கட்டத்தை விட்டுவிடுங்கள். அங்கே பட்டன்களிலும் மண் இருக்கத்தான் செய்யும்.

ஹப்பில் கிரீஸ் கசிவு வேண்டுமென்றால், கரும்பழுப்பு ஆயில் பெயின்டில் துளி கிளாஸ் வார்னிஷ் கலந்து, ஹப்பிலிருந்து ரிம் நோக்கி இரண்டு மூன்று கீற்று. பத்து வீலிலும் போடாதீர்கள், ஒன்றிரண்டில் போதும்.

வினைல் டயர் வரும் கார் கிட்டுகளுக்குக் கணக்கு வேறு. வினைலை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற ரசாயனம் மெல்ல மெல்ல வெளியே கசியும். எனாமல் அடித்தால் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும், அதனால் அக்ரிலிக் மட்டும். பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி, பட்டன் பரப்பை 400 உப்புத்தாளில் சுற்றிலும் உரசினாலே பாதி வேலை முடியும். அந்தப் பளபளப்பு போய், ஓடிய டயரின் சாம்பல் தானாக வந்துவிடும். அதே கசிவு பிளாஸ்டிக் ரிம்மையும் வருடக்கணக்கில் அரித்து இளக்கிவிடும். ரிம்மின் வெளிச்சுற்றில், டயர் மூடும் பகுதியில், அலுமினியம் ஃபாயில் டேப்பை ஒரு சுற்று ஒட்டிவிட்டு டயரை மாட்டுங்கள்.

ஸ்டெப்னியை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். மற்ற பத்தோடு அதையும் சேர்த்து உருட்டி, பட்டனைத் தேய்த்து, காடியில் மண் ஏற்றி வைத்திருப்பார்கள். அது ஓடாத டயர். பட்டன் கறுப்பாகவே இருக்கட்டும். மேல்பாதியில் மட்டும் வெளிறிய புழுதியைக் காய்ந்த பிரஷால் தூவி, வீல் நட்டுகளைச் சுற்றித் துரு நிறத்தில் இரண்டு புள்ளி வைத்தால் போதும்.