வீட்டைத் தூக்கிக்கொண்டு போனால் எங்கே இறக்கி வைப்பது?

போன வாரம் தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி போன் பண்ணினார்கள். ஜூலையில் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போகிறார்களாம். மருமகன் ஆர்.வி. வண்டி, அதாவது உள்ளேயே சமைத்துப் படுத்துக்கொள்கிற வீட்டு வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். "நீங்கதான் போயிட்டு வந்தவுக. வண்டியை எங்கே நிறுத்தினா நமக்குச் சரியா வரும்?" என்று கேட்டார்கள். அரைமணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மிச்சத்தை இங்கே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் போனது அரிசோனாவில் இருக்கிற கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்கு, ஏப்ரல் மாதம். அதுவும் ஒரு தேசியப் பூங்காதான், பார்க் என்பார்கள். மகன் பீனிக்ஸில் இருக்கிறான். வண்டி 25 அடி நீளம். உள்ளே அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ், மூன்று படுக்கை. நான், எங்கள் வீட்டில் அவுக, மகன், மருமகள், ஆறு வயசுப் பேரன் என்று ஐந்து பேர்.

இடம் பிடிக்கிற பேச்சு அதற்கு முந்தின அக்டோபரிலேயே ஆரம்பித்துவிட்டது. பார்க்குக்குள் வண்டி நிறுத்தித் தங்குகிற மேதர் கேம்ப்கிரவுண்டில் ஆறு மாதம் முன்கூட்டியே முன்பதிவு திறந்துவிடும், திறந்த வேகத்தில் தீர்ந்தும்விடும். மகனுக்கும் எங்களுக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். அவன் காலை காபியோடு உட்கார, நான் காரைக்குடியில் ராத்திரிப் பலகாரத்துக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டுச் சுவர் கனத்துக்கு வளவுக்குள் சிக்னல் எட்டாது, முகப்புத் திண்ணைக்கு வந்தால்தான் முகம் தெரியும். கொசுக்கடியில் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு இது.

அவன் நான்கு இடம் சொன்னான். பார்க்குக்குள் இரண்டு. மேதரில் கரண்ட், தண்ணீர், கழிவுக்குழாய் எதுவும் வண்டிக்குக் கிடையாது, 30 அடிக்கு மேல் நீளமான வண்டியை விடமாட்டார்கள். பக்கத்திலேயே டிரெய்லர் வில்லேஜ் என்று ஒன்று, அதில் மூன்றும் உண்டு, அவர்கள் பாஷையில் ஃபுல் ஹூக்கப். 50 அடி வண்டிகூட நிற்கும். மூன்றாவது, வெளியே 60 மைல் தள்ளி வில்லியம்ஸ் என்ற ஊரில் தனியார் ஆர்.வி. பார்க். நான்காவது, பார்க் எல்லையை ஒட்டிக் கிடக்கிற கைபாப் தேசிய வனம். அங்கே காட்டுப் பாதையோரம் அனுமதித்த இடங்களில் காசில்லாமல் நிறுத்திக்கொள்ளலாம், 30 நாளைக்குள் 14 நாள் வரை. குழாயும் கிடையாது, கக்கூஸும் கிடையாது.

"ஆத்தா, வில்லியம்ஸ்லயே நாலு நாளும் இருந்துடலாம். கரண்ட் இருக்கு, ஹீட்டர் ராத்திரி பூரா ஓடும், அப்பச்சிக்குக் குளிர் ஆகாது" என்றான். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. கரண்டும் தண்ணீரும் இருக்கிற இடத்தை விட்டுவிட்டுக் காட்டில் போய் ஏன் கிடப்பானேன்? கடைசியில் டிரெய்லர் வில்லேஜ் எங்கள் தேதிக்குக் கிடைக்கவில்லை. முதல் ராத்திரி வில்லியம்ஸ், அடுத்த இரண்டு மேதர், கடைசி ராத்திரி காடு என்று மூன்றையும் பார்த்தோம். பார்த்த பிறகுதான் நான் எவ்வளவு தப்பாக நினைத்திருந்தேன் என்று தெரிந்தது.

வில்லியம்ஸில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. சிமெண்டுத் தரை, கரண்டுப் பெட்டி, சுடுதண்ணீர்க் குளியல். ஆனால் வண்டிக்கு வண்டி கை நீட்டினால் தொடுகிற தூரம். பக்கத்து வண்டியில் கதவு சாத்தினால் எங்கள் தட்டு ஆடியது. அதுகூடப் பெரிசில்லை, சந்தைப்பேட்டைப் பக்கம் குடியிருந்தவளுக்கு இரைச்சல் பழக்கம்தான். மறுநாள் காலையில்தான் விஷயம் புரிந்தது.

காரில் போனால் அறையைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிடலாம். இதில் வீடே வண்டி. கிளம்ப வேண்டும் என்றால் டம்ளரைக் கழுவிப் பெட்டிக்குள் வைக்கணும், எண்ணெய்ச் சட்டியை ஆறவைத்துக் கட்டணும், அலமாரிக் கதவுகளைக் கொண்டி போடணும், கரண்டு வயரைச் சுருட்டணும், தண்ணீர்க் குழாயைக் கழற்றணும், கழிவுக்குழாயை அலசி மடக்கணும். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகு 60 மைல். நாலு நாளும் வில்லியம்ஸிலேயே இருந்திருந்தால் தினம் காலையில் குடி பெயர்ந்து, சாயங்காலம் குடியேறியிருப்போம். பேரனுக்கு மத்தியானம் தூக்கம் வந்தால் எங்கே படுக்கவைப்பது? அவுகளுக்குச் சாப்பிட்டதும் கால் நீட்ட வேண்டும், அது எங்கே? 120 மைல் போக வர ஆகிற பெட்ரோலை நான் சொல்லவே வேண்டாம், அந்த வண்டி குடிக்கிற குடி அப்படி.

மேதரில் வண்டியை ஒருதடவை நிறுத்தினோம், இரண்டு நாள் நகர்த்தவில்லை. பார்க்குக்குள் இலவச பஸ் ஓடுகிறது. கேம்ப்கிரவுண்ட் பக்கமே வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. பள்ளத்தாக்கின் விளிம்புக்கு நடந்தாலும் ஒரு மைல் சொச்சம்தான். அதிகாலை இருட்டிலேயே ஃபிளாஸ்க்கில் காபியோடு கிளம்பி, மேதர் பாயிண்டில் வெயில் விழுவதைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து இட்லி சாப்பிட்டோம். மத்தியானம் எல்லோரும் தூங்கினோம். சாயங்காலம் மறுபடி பஸ். 277 மைல் நீளம், ஒரு மைல் ஆழம் என்று புத்தகத்தில் படிப்பது வேறு. காலையில் சிவப்பாக இருந்த பாறை மத்தியானம் வெளுத்து, சாயங்காலம் ஊதாவாக ஆவதை ஒரே நாளில் மூன்று தடவை போய்ப் பார்த்தது வேறு. வில்லியம்ஸிலிருந்து வந்திருந்தால் மத்தியான வெளுப்பு மட்டும்தான் எங்களுக்கு.

கரண்ட் இல்லாமல் என்ன கஷ்டம் என்று ஆச்சி கேட்டார்கள். இருக்கிறது. ஜெனரேட்டரைக் காலை 7 முதல் 9, சாயங்காலம் 6 முதல் 8 வரைதான் போடலாம். மிக்ஸி அதில்தான் ஓடும். காலை ஆறரைக்கே தேங்காயைக் கீறி, மிளகாய் வறுத்து, ஜாரில் போட்டு வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். ஏழு அடித்ததும் மகன் சுவிட்சைத் தட்டுவான், நான் மிக்ஸியைத் தட்டுவேன். பக்கத்து வண்டி வெள்ளைக்காரம்மா இரண்டாம் நாள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்கள் காத்திருந்தது காபி மெஷினுக்கு.

முதல் ராத்திரி மேதரில் ஒரு தப்பு பண்ணினோம். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு கிட்டத்தட்ட 7,000 அடி, நம் கொடைக்கானல் உயரம். பள்ளத்தாக்கு, பாலைவனம் என்றதும் சூடாக இருக்கும் என்று நினைத்துவிட்டோம். ஏப்ரலில் ராத்திரி தண்ணீர் உறைகிற குளிர். ஹீட்டர் கேஸில் எரிந்தாலும் சூட்டை ஊதித் தள்ளுகிற விசிறி பேட்டரியில் ஓடுகிறது. சாயங்காலம் எல்லா விளக்கையும் போட்டு, பேரனுக்குப் படம் காட்டி, போன்களைச் சார்ஜ் ஏற்றி, விடிகாலை மூன்று மணிக்கு விசிறி நின்றுவிட்டது. ஏழு வரைக்கும் ஜெனரேட்டரைத் தொடக்கூடாது. பெட்டியில் இருந்த இரண்டு கண்டாங்கிச் சேலையையும் நாலாக மடித்துப் பேரன் மேல் போட்டேன். அவுக குல்லாவோடு உட்கார்ந்தே விடியவைத்தார்கள். அடுத்த ராத்திரி ஒரே ஒரு விளக்கு. பேட்டரி காலை வரை நின்றது.

தண்ணீர் விஷயத்தில் மருமகள்தான் பயந்தாள். வண்டித் தொட்டி 40 காலன், 150 லிட்டர் பக்கம். எங்கள் வளவில் ஓட்டு மழைத் தண்ணீர் பிடிக்கிற அண்டாவே அதில் பாதி கொள்ளும். சின்ன வயசில் ஊருணியிலிருந்து குடம் குடமாகக் குடிதண்ணீர் சுமந்து வளர்ந்தவளுக்கு 150 லிட்டர் என்பது கல்யாணத் தண்ணீர். ஆனால் ஒரு சூட்சுமம் எனக்குத் தெரியாது. நல்ல தண்ணீர் தீருவதற்கு முன்னால் கழிவுத் தொட்டி நிறைந்துவிடும். பாத்திரம் கழுவிய தண்ணீரெல்லாம் அதற்குள்தான் போகிறது. அரிசி களைந்த தண்ணீரை வீணாக்குவானேன் என்று கதவைத் திறந்து பைன் மரத்தடியில் ஊற்றப் போனேன். "ஆத்தா, ஊத்தாதீக!" என்று மகன் ஓடிவந்தான். சமையல் கழிவைத் தரையில் ஊற்றக்கூடாதாம், மிருகம் வாசனை பிடித்து வருமாம். நம்பாமல் பார்த்தேன். அன்று சாயங்காலமே எல்க் மான் ஒன்று, நம் ஊர் எருமை உயரம், வண்டிக்கும் மேசைக்கும் நடுவில் சாவகாசமாகப் புல் மேய்ந்தது. கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தோம்.

அதற்குப் பிறகு தட்டைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவினோம். குளிக்கிறதுக்குக் கேம்ப்கிரவுண்ட் வாசல் பக்கம் காசு கொடுத்துக் குளிக்கிற இடம் இருக்கிறது, துணி துவைக்கவும் மெஷின் உண்டு. கழிவைக் கொட்டுகிற டம்ப் ஸ்டேஷனும் அங்கேதான். கிளம்புகிற அன்று அதில் கொட்டி, தண்ணீர் நிரப்பிக்கொண்டோம். கொட்டுகிற வேலையை மகனே பார்த்துக்கொண்டான், நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கடைசி ராத்திரி காடு. எனக்குப் பிடிக்கவில்லை, ஒளிக்காமல் சொல்கிறேன். மண் பாதை, ஆள் அரவம் இல்லை, போனில் சிக்னல் இல்லை. நிலம் சாய்வு. வண்டி சாய்ந்து நின்றால் அந்த ஃபிரிட்ஜ் குளிராது என்று சக்கரத்தடியில் பலகை வைத்து ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தான் மகன். போன் காட்டிய மட்டத்தை அவுக ஒத்துக்கொள்ளவில்லை. ஆத்தங்குடிக் கல் பதிக்கிற ஆட்களை வீட்டில் நின்று வேலை வாங்கினவர்கள். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி வண்டித் தரையில் வைத்து, "இன்னும் அரை விரக்கடை வலப்பக்கம் ஏத்து" என்றார்கள். ஏற்றியதும் ஃபிரிட்ஜ் ஒழுங்காக ஓடியது.

ஆனால் அவுகளுக்கு நாலு ராத்திரியிலும் அதுதான் பிடித்த ராத்திரி. தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடியோடு நடந்துபோகிறவர்கள், மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துப் பழக்கம். வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இம்புட்டு நட்சத்திரம் நத்தம் தாண்டிக்கூடப் பாத்ததில்லை" என்றார்கள். நான் உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

காசு விஷயத்தில் ஒன்று. 62 வயசுக்கு மேல் சீனியர் பாஸ் எடுத்தால் கேம்ப்கிரவுண்ட் வாடகை பாதி என்று படித்துவிட்டு அவுக பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தார்கள். அது அந்த நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரமாகக் குடியிருக்கிறவர்களுக்கும் மட்டும்தான். நாம் சுற்றிப்பார்க்கப் போகிறவர்கள், நமக்குக் கிடையாது.

ஆச்சிக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: மருமகனிடம் முதலில் வண்டி எத்தனை அடி என்று கேளுங்கள், அதைப் பொறுத்துத்தான் எந்த இடத்தில் விடுவார்கள் என்பது. பார்க்குக்குள் ஹூக்கப் இல்லாத இடம் கிடைத்தாலும் விடாதீர்கள். எல்லோஸ்டோனில் கரண்ட், தண்ணீர், கழிவுக்குழாய் மூன்றும் சேர்ந்து வேண்டுமென்றால் பார்க்குக்குள் ஃபிஷிங் பிரிட்ஜ் என்கிற இடம் ஒன்றுதான். அங்கே துணிக்கூடாரம் போட விடமாட்டார்கள், கெட்டியான சுவர் வைத்த வண்டி மட்டும்தான்.

"ஏனாம்?" என்றார்கள்.

"கரடி நடமாட்டம் ஆச்சி."

கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை. பிறகு, "மகளுக்குன்னு நெத்திலிக் கருவாடு கட்டி வச்சிருக்கேனே" என்றார்கள்.