உழவு மெசின் ஹெட்டை யாரிடம் கொடுப்பது

வன்னியில் கராஜுக்குப் பஞ்சமில்லை. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற வீதியில் சந்திக்குச் சந்தி ஒன்று இருக்கும். எஞ்சினைக் கழற்றிப் பூட்ட ஆள் கிடைக்கும். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழுவி, காற்றடித்து வெடிப்புச் சோதித்து, அடிமுகத்தை மட்டமாகச் சீவி, வால்வு உட்காருகிற ஸீட்டை வெட்டித் தரக்கூடிய லேத் கடை என்று தேடினால்தான் கதை வேறு. கிளிநொச்சி, வவுனியா என்று டவுன் பக்கம் போகவேண்டும். சில வேலைக்கு யாழ்ப்பாணமோ அனுராதபுரமோ போகச் சொல்வார்கள். எங்களைப் போல விசுவமடுப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்தத் தேடலே பாதி வேலை. நான் தேடிய விதத்தை எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

எங்களுடைய உழவு மெசின் மசி பெர்குசன் 240 டிராக்டர். மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் எஞ்சின், 2.5 லீட்டர், மூன்று சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே வார்ப்பிரும்பு ஹெட். ஆவணி கடைசியில், புழுதி உழவுக்கு ஆயத்தமாகிற நேரத்தில், ரேடியேட்டர் தண்ணீர் குறையத் தொடங்கியது. கீழே ஒழுக்கு இல்லை. மூடியைத் திறந்து ஸ்டார்ட் பண்ணினால் தண்ணீரில் குமிழி வந்துகொண்டே இருந்தது, காலையில் வெள்ளைப் புகை. எண்ணெய் பால் நிறமாகவில்லை, அந்தளவுக்கு நிம்மதி. வழக்கமாகப் பார்க்கிற மெக்கானிக் அண்ணை ஹெட்டைக் கழற்றினார். ஹெட்டுக்கும் கீழே உள்ள சிலிண்டர் புளொக்குக்கும் இடையில் வைக்கிற கஸ்கட், இரண்டாம் மூன்றாம் சிலிண்டருக்கு நடுவில் எரிந்து கறுத்திருந்தது.

"புதுக் கஸ்கட் போட்டு இறுக்கினால் ஓடும்" என்றார் அண்ணை. ஓடும்தான். எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி. போன வருடம் என் மச்சானின் லொறியில் அப்படித்தான் செய்தார்கள். நெல் ஏற்றுகிற காலம் முடிவதற்குள் மறுபடியும் அதே இடத்தில் எரிந்தது. கஸ்கட் சும்மா எரிவதில்லை. ஹெட் வளைந்திருக்கும், அல்லது வெடித்திருக்கும், அல்லது புளொக்கின் முகத்தில் பிழை இருக்கும். அளந்து பார்க்காமல் எது என்று சொல்ல முடியாது.

இந்த இடத்தில் எங்கள் பக்க மெக்கானிக்மாரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது எரிபொருளும் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. துளி பெட்ரோல் காட்டி ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய காலம் அது. அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்து வந்தவர்களின் கைக்கு நான் தலை வணங்குவேன், எதையும் ஓடவைத்துவிடுவார்கள். ஆனால் அந்தப் பழக்கம் நாளைக்கு வண்டி ஓடவேண்டும் என்பதற்காக வந்தது. கஸ்கட்டுக்கு அலுமினியம் பெயின்ற் பூசுவது, இரண்டு கஸ்கட் ஒன்றாகப் போடுவது எல்லாம் அந்த வகை. ஹெட் வேலை தௌ கணக்கில் அளக்கிற வேலை. ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.025 மில்லிமீட்டர். அங்கே கைராசி போதாது.

அண்ணை தனக்குத் தெரிந்த ஒரு கடைக்கு அனுப்பினார். உரப் பையில் சுற்றி, பட்டா என்கிற சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு போனோம். கடைக்காரர் ஹெட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "வச்சிட்டுப் போங்கோ தம்பி, நாளைக்குச் சீவி வைக்கிறன்." எவ்வளவு வளைந்திருக்கிறது என்று கேட்டேன். "அது சீவினால் சரியாகும்." வெடிப்புச் சோதனை? "வெடிச்சிருந்தால் கண்ணுக்குத் தெரியுமே." மூலையில் வேறு யாருடையதோ ஒரு ஹெட் கிடந்தது. முகத்தில் நகத்தை ஓட்டினேன், வெட்டுக்கோடு நகத்தில் தடக்கியது. அந்த முகத்தில் எந்தக் கஸ்கட் ஒட்டும்? அப்படியே பட்டாவில் திருப்பி ஏற்றினேன். அண்ணைக்குக் கொஞ்சம் மனவருத்தம். கொண்டுபோகிற மெக்கானிக்குக் கடை ஒரு பங்கு கொடுக்கும் வழக்கம் இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதில் தப்பில்லை. ஆனால் கடையை யார் தெரிவு செய்கிறார், ஏன் அதைத் தெரிவு செய்கிறார் என்பதைப் புரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அதன்பிறகு மெக்கானிக்மாரிடம் கேட்பதை விட்டுவிட்டு, சொந்தக் காசில் ஹெட் செய்தவர்களிடம் கேட்டேன். நெல் வெட்டு மெசின் வைத்திருப்பவர்கள், மணல் லொறிக்காரர், அரிசி மில்காரர். "எங்கே செய்தீர்கள்" என்று கேட்டால் உறவுக்காரர் கடையைச் சொல்லிவிடுவார்கள். அதனால் "செய்தபிறகு எத்தனை போகம் தாங்கினது, மறுபடி கழற்றினீர்களா" என்று கேட்டேன். கேள்வியை அப்படி மாற்றியதும் பெயர்கள் குறைந்துவிட்டன. ஒரே ஒரு கடைக்காரரைத்தான் வெவ்வேறு ஆட்கள் சொன்னார்கள்.

அவருக்கு போன் எடுத்தேன். எடுத்த எடுப்பில், "தம்பி, காற்றடிச்சுப் பாக்கிற தட்டு என்னட்டை இந்த எஞ்சினுக்கு இல்லை. அது இல்லாமல் சீவித் தந்தால் உங்கடை காசு வீண்" என்றார். தன்னுடைய வேலைகளையே அந்தச் சோதனைக்கு வவுனியாவில் ஒருவரிடம் அனுப்புவதாகச் சொல்லி அவருடைய இலக்கத்தைத் தந்தார். வருகிற வேலையை விட்டுக்கொடுத்து இன்னொருவரைக் காட்டுகிற ஆள் சொல்வதை நம்பலாம் என்று தோன்றியது. ஏ9 வீதியில் வவுனியாவுக்கு ஹெட்டோடு போனேன்.

அந்தக் கடையில் ஒரு ஐயா. முதல் கேள்வி என்ன வேலை என்றல்ல, "மெசின் எப்படிச் சூடேறினது? என்ன தண்ணி விடுறனீங்கள்?" கிணற்றுத் தண்ணீர் என்றேன். சிரித்தார். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் கடினத் தண்ணீர், கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். அதேதான் ஹெட்டுக்குள்ளும் நடக்கிறது. பக்கத்தில் இருந்த தண்ணீர் மூடிகளைத் தட்டிக் கழற்றிக் காட்டினார். வால்வுகளுக்கு நடுவில் தண்ணீர் ஓடவேண்டிய வழி சுண்ணாம்பால் பாதிக்குமேல் அடைத்திருந்தது. சூடு அதிகமாகிற இடத்தில்தான் தண்ணீர் போகவில்லை. அதனால்தான் கஸ்கட்டும் அந்த இடத்தில் எரிந்திருக்கிறது. கஸ்கட்டை மட்டும் மாற்றியிருந்தால் இது அப்படியே உள்ளே இருந்திருக்கும்.

பிறகு நடந்தது எல்லாம் என் கண்முன்னால். நிற்கக் கூடாது என்று சொல்லவில்லை, ஒரு ஸ்டூலும் தந்தார். நேர்விளிம்புச் சட்டத்தை ஹெட்டின் நீளத்துக்கும், குறுக்கும், மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் இடைவெளி அளக்கிற மெல்லிய தகடான பீலர் கேஜ் விட்டுப் பார்த்தார். நடுவில் ஆறு தௌ நுழைந்தது. பொதுவாக நாலு தௌவுக்கு, அதாவது 0.1 மில்லிமீட்டருக்கு மேல் போனால் சீவத்தான் வேண்டும். ஆனால் உடனே சீவவில்லை. கோஸ்டிக் சோடாத் தொட்டியில் கொதிக்கவிட்டு எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, சுண்ணாம்பை அமிலம் விட்டுக் கரைத்தார். பிறகு தண்ணீர்த் துளைகளை ரப்பர் வைத்த தட்டால் மூடி, உள்ளே காற்றடித்து, சுடுதண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினார். சுடுதண்ணீர் ஏன் என்று கேட்டேன். குளிரில் மூடிக் கிடக்கிற வெடிப்பு சூட்டில்தான் வாய் திறக்குமாம். குமிழி வரவில்லை.

ஆனால் இரண்டாம் சிலிண்டரின் புகை வால்வு ஸீட்டில் மயிரிழைபோல ஒரு கோடு இருந்தது. சிவப்பு மருந்து தடவித் துடைத்து, வெள்ளைப் பொடி அடித்தபோது கோடு நன்றாகத் தெரிந்தது. தண்ணீர் வழி வரை போகவில்லை என்பது காற்றுச் சோதனையிலேயே தெரிந்துவிட்டது. வெல்டிங் அடிக்கலாமா என்றேன். "வார்ப்பிரும்பை முழுசாச் சூடாக்கி, நிக்கல் குச்சியால ஒட்டி, மெல்ல ஆறவிடவேணும். அவசரத்தில ஒட்டினால் பக்கத்தில புதுசா வெடிக்கும். நான் செய்யிறேல்லை" என்றார். எங்கள் ஹெட்டில் ஸீட் தனி வளையமாக இல்லை, ஹெட்டிலேயே வெட்டியது. அந்த இடத்தைக் குடைந்து புது வளையம் இறுக்கினால் கோடும் அதோடு போய்விடும், ஆனால் குடைந்தபிறகும் அடியில் கோடு தெரிந்தால் ஹெட்டை எறிந்துவிட்டு வேறு தேடவேண்டும், அப்போது குடைந்த கூலியும் நட்டம். இதைத் தொடங்குமுன்பே சொன்னார். 2022இல் டொலர் ஏறியதிலிருந்து ஹெட்டின் விலை தெரிந்த எவரும் அந்த ஆபத்தை எடுப்பார்கள், நானும் சரி என்றேன். குடைந்தபிறகு மருந்து அடித்துக் காட்டினார். சுத்தமாக இருந்தது.

முகம் சீவுவதில் அவர் காட்டிய கஞ்சத்தனம் எனக்குப் பிடித்தது. முழு முகமும் ஒரே நிறமாகத் தெரிந்ததும் நிறுத்திவிட்டார், அதற்குமேல் அழகுக்காக ஒரு தௌகூட எடுக்கவில்லை. சீவச் சீவ வால்வு பிஸ்டனுக்குக் கிட்ட வரும். டீசல் எஞ்சினில் பிஸ்டன் ஹெட்டுக்கு மிகக் கிட்ட ஏறுவதால் இடைவெளி ஏற்கெனவே கொஞ்சம்தான். அதனால் ஸீட்டையும் அதற்கேற்பத் தாழ்த்தி, ஒவ்வொரு வால்வும் முகத்திலிருந்து எவ்வளவு உள்ளே நிற்கிறது என்று அளந்து, துண்டில் எழுதித் தந்தார். டீசல் பீச்சுகிற இன்ஜெக்டரின் நுனி எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்றும் பார்த்தார். இதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. கடைசியில் வால்வுகளைப் போட்டு, காற்றும் புகையும் போகிற வழிகளில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தார். கசியவில்லை.

காசைப் பற்றி: முதல் கடை சொன்னதைவிட நன்றாகவே கூட. இன்னதென்று எழுதவில்லை, மாதத்துக்கு மாதம் மாறுகிற விலையை எழுதிப் பயனில்லை. துண்டில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகப் போட்டிருந்தார். கழற்றிய பழைய மூடிகளையும் பையில் போட்டுத் தந்தார்.

கொண்டுவந்தபிறகும் வேலை இருக்கிறது. புளொக்கின் முகத்தையும் அதேபோல் சட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார், அது நேராக இருந்தது. ரேடியேட்டரையும் கழற்றிக் கழுவினோம், உள்ளே சுண்ணாம்பும் வெளியே வைக்கோல் தூசியும். அண்ணையிடம் இறுக்கத்தை அளந்து காட்டுகிற டோர்க் ரெஞ்ச் இல்லை, பக்கத்துக் கிராமத்தில் இரவல் வாங்கினோம். நடுவிலிருந்து வெளியே, கட்டம் கட்டமாக இறுக்கினார். வால்வு இடைவெளி குளிரில் 12 தௌ, சூட்டில் 10. எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி மறுபடி ஒருமுறை இறுக்கி, இடைவெளியைத் திரும்பப் பார்த்தார். மனவருத்தம் எல்லாம் அதற்குள் போய்விட்டது. வவுனியாக் கடையின் இலக்கத்தைத் தன் போனிலும் பதிந்துகொண்டார்.

ரேடியேட்டருக்கு இப்போது கூரையிலிருந்து பிடித்து வைக்கிற மழைத்தண்ணீரும் கூலன்ற்றும்தான். புழுதி உழவில் எங்கள் காணியும் சின்னம்மாவின் காணியும் முடிந்தன, தண்ணீர் குறையவில்லை. முன்பக்கத்தில் டைமிங் மூடியருகே எண்ணெய் கொஞ்சம் கசிகிறது. அது ஹெட்டோடு சம்பந்தப்பட்டதல்ல, அறுவடை முடியப் பார்க்கலாம்.