பனிமூட்டத்தின் மேல் போட்ட பழி

கோத்தகிரியில் எங்கள் வீடு கருங்கல்லால் கட்டிய பழைய வீடு. சுவரின் கனமே ஒன்றரை அடி. இணையப் பெட்டி முன்னறையில் இருக்கிறது. அடுப்படிக்குப் போனால் வைஃபை ஒரு கோடு; பின்னறையில் அதுவும் இல்லை. மூடுபனி இறங்கும் நாட்களில் இன்னும் மோசம். பனிதான் அலையைக் குடித்துவிடுகிறது என்று ஐந்து வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் வைஃபையின் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைகளுக்குப் பனி ஒரு பொருட்டே அல்ல. பனி இறங்கினால் வீட்டில் எல்லோரும் உள்ளே அடைந்து ஆளுக்கொரு திரையைத் திறந்துவிடுகிறோம், அவ்வளவுதான். சுவர் மட்டும் உண்மையான குற்றவாளி. அதைத் துளைக்க வேண்டியது அலை அல்ல, கம்பி என்று முடிவு செய்தேன்.

முதல் ஞாயிறு. ஒரு இணைப்பைப் பல கம்பிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் எட்டுத் துளை கிகாபிட் சுவிட்ச் ஒன்றை முன்னறையில் வைத்து, அங்கிருந்து பின்னறைக்குக் கேட்6 என்ற வலைக் கம்பி இழுத்தேன். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கம்பியும் கடையில் கிடைக்கிறது. வளைத்தால் ஒடியும், வாங்க வேண்டாம். முனைகளில் செருகியை வைத்து அழுத்திப் பொருத்தும் கிரிம்ப் வேலையை நானே செய்தேன். விளக்கு எரிந்தது, ஆனால் வேகம் 100 மெகாபிட்டைத் தாண்டவில்லை. உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகளில் 100க்கு இரண்டு ஜோடி போதும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். பழுப்புக் கம்பி ஒன்று முனைக்குள் முழுதாகப் போகாமல் பாதியில் நின்றிருந்தது. வெட்டி எறிந்து மறுபடி செய்தேன். நான்காவது முனையில்தான் கை பழகியது.

இரண்டாம் ஞாயிறு. அலமாரியில் கிடந்த பழைய இணையப் பெட்டியை, அதாவது ரௌட்டரை, பின்னறையில் மாட்டினேன். அன்று சாயங்காலமே வீடு இரண்டுபட்டது. அக்காள் மகள் வந்து, "மாமா, வைஃபை இருக்கிறது என்று காட்டுகிறது, ஒரு பக்கமும் திறக்கவில்லை" என்றாள். அதே நேரம் என் கணினி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பெட்டிகளுக்கும் விலாசம் 192.168.1.1. போதாததற்கு, இணையும் கருவிகளுக்குத் தானாக விலாச எண் கொடுக்கும் டிஹெச்சிபி என்ற வசதி வழியாக இரண்டும் வருகிறவர்களுக்கெல்லாம் எண் கொடுத்துக்கொண்டிருந்தன. ஒரே தெருவில் ஒரே கதவு எண்ணோடு இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? பழையதை 192.168.1.2 ஆக்கி, அதன் டிஹெச்சிபியை நிறுத்தி, கம்பியை வான் (WAN, வெளி இணையத்துக்கானது) துளையிலிருந்து எடுத்து லான் (LAN, வீட்டுக் கருவிகளுக்கானது) துளையில் செருக வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். அதில் கடைசியை மட்டும் செய்துவிட்டு மற்ற இரண்டையும் மறந்திருந்தேன். செய்து முடித்ததும் சரியாயிற்று. இரண்டும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க, முன்பக்க வைஃபைக்கு 1ஆம் சேனல் (அலைவரிசை), பின்பக்கத்துக்கு 6 என்று பிரித்தும் வைத்தேன்.

மூன்றாம் வாரம் நடந்ததை எழுதக் கொஞ்சம் வெட்கம்தான். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று பின்னறைக்கு இரண்டாவது கம்பியும் இழுத்து, முன்முனையைச் சுவிட்சில் செருகிவிட்டு, பின்முனையைத் தொங்கவிட்டிருந்தேன். பெருக்க வந்த அம்மா அதைப் பார்த்து, "அநாதையாகத் தொங்குகிறதே" என்று பழைய ரௌட்டரின் காலித் துளையில் செருகிவிட்டார். அடுத்த நொடி எல்லா விளக்குகளும் ஒரே தாளத்தில் துடித்தன. வீட்டில் இணையமே இல்லை. சுவிட்சுக்கும் ரௌட்டருக்கும் நடுவே இரண்டு கம்பிகள் சேர்ந்து வளையம் ஆகிவிட்டன; அந்த வளையத்துக்குள் நுழைந்த தகவல் துணுக்கு சுற்றிச் சுற்றிப் பெருகுகிறது. இத்தனை சுற்றுக்குப் பிறகு செத்துப்போ என்று அதற்குச் சொல்ல ஈதர்நெட்டில் (இந்தக் கம்பி வலையின் விதிமுறையில்) வழி கிடையாது. இந்த வளையத்தை அறுப்பதற்கென்றே கணினி விஞ்ஞானி ராடியா பெர்ல்மன் 1985இல் ஸ்பானிங் ட்ரீ முறையைக் கண்டுபிடித்தார். என் மலிவு சுவிட்சில் அது இல்லை. ஒரு மணி நேரம் இணைய நிறுவனத்தைத் திட்டிய பிறகே ரௌட்டரின் பின்பக்கத்தைப் பார்த்தேன்.

மிச்சம் இருந்தது கீழ்த்தட்டில் அக்கா வீடு. தேயிலைச் செடிகளைத் தாண்டி எழுபது மீட்டர். 100 மீட்டர் வரை செம்புக் கம்பியே போகும் என்பதால் ஆசைதான். ஆனால் ஐப்பசி இடியில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்பு இழுப்பது மின்னலுக்கு விருந்து வைப்பது போல. உள்ளே இரும்புக் கம்பி இல்லாத, ஒளியில் தகவல் போகும் ஃபைபர் வாங்கினேன்; இரு முனைகளிலும் ஒளியைச் செம்புக் கம்பிக்கு மாற்றும் மீடியா கன்வர்ட்டர். முனை ஒட்டும் வேலைக்கு மட்டும் கேபிள் டிவி தம்பியைக் கூப்பிட்டேன். மண்ணில் புதைத்தால் களைக்கொத்து வெட்டிவிடும் என்று சில்வர் ஓக் மரங்களில் கட்டினோம். முதலில் ஆள் உயரத்துக்குக் கட்டியிருந்தோம். விடிந்து பார்த்தால் இரண்டு மரங்களுக்கு நடுவே கம்பி தரையில் கிடந்தது. பக்கத்திலேயே காட்டெருமைச் சாணம். நல்லவேளை, அறுபடவில்லை. இப்போது ஏணி வைத்து ஏறும் உயரத்தில் இருக்கிறது. காற்றில் மரம் ஆடும் என்பதால் கொஞ்சம் தொய்வாகவே விட்டிருக்கிறோம்.

நேற்று மின்வெட்டு. மேல் வீட்டில் எல்லாமே சிறிய யுபிஎஸ்ஸில் ஓடின, கன்வர்ட்டரைத் தவிர. பத்து நிமிடத்தில் அக்கா குடையோடு படியேறி வந்துவிட்டாள். மற்றவை யுபிஎஸ் தரும் 12 வோல்ட்டில் ஓடுபவை, இது 5 வோல்ட். இந்த ஞாயிறு அதற்கான வேலை.